என் வீட்டுக்காரர் ஆடாத டெஸ்ட்

என் வீட்டுக்காரர் அவங்க அண்ணன் தையல் கடையில துணி வெட்டுறாரு. பட்டன் தைக்கிறது நான். கத்தரி ஒரு பக்கம் ஓடும், இவர் வாய் ஒரு பக்கம் ஓடும். பழைய கிரிக்கெட் டெஸ்ட் டீம் ஒண்ணு விடாம எடுத்து, எவனை எதுக்குச் சேர்த்தாங்க, எவனை எதுக்குக் கழட்டிவிட்டாங்கன்னு கிழிகிழின்னு கிழிப்பாரு. எங்கே ஆரம்பிச்சாலும் முப்பது வருஷத்துக்கு முந்தின டீம்லதான் வந்து நிப்பாரு. அதுல சுழற்பந்து போட இவர் பேரு அடிபட்டுச்சு. கடைசி நேரத்துல இல்லைன்னுட்டாங்க. அன்னையிலிருந்து தேர்வுக்குழுத் தலைவரைத் திட்டாம இவருக்குச் சோறு இறங்காது.

போன வாரம் அந்தத் தலைவரே பேன்ட் இடுப்பைத் தளர்த்த வந்தாரு. இஞ்ச் டேப்பை அவர் இடுப்புல சுத்திப் பிடிச்சுக்கிட்டே இவர் கேட்டுட்டாரு: "என்னை ஏன் சார் எடுக்கல?"

"டீம் எடுக்கிறப்ப உன் தோள்பட்டை சரியாயிடுச்சான்னு கேட்க இந்தக் கடைக்குத்தானேப்பா போன் பண்ணினேன்? கையைத் தூக்கவே முடியலைன்னு உங்க அண்ணன் சொன்னாரே."

டேப் நழுவிக் கீழே விழுந்துச்சு. தோள்பட்டை அதுக்கு முன்னாடியே சரியாகி, டீம் எடுத்த வாரம் முழுக்க மைதானத்துல பந்து போட்டவர் இவர். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவர் மெதுவா அண்ணன் முன்னாடி போய் நின்னாரு.

"ஏண்ணே?"

அண்ணன் மிஷினை நிறுத்தக்கூட இல்லை.

"பள்ளிக்கூட ஆர்டர்டா. முன்னூறு கால்சட்டை. உன்னை விட்டா வெட்டுறதுக்கு யார் இருந்தா?"