சரிகை உடுத்திய கம்பி

வால்வு வைத்து ஒலிபெருக்கிப் பெட்டி கட்டுகிறவனுக்குப் பேய், பிசாசு, மாமியார் எதற்கும் பயம் கிடையாது. 'ம்ம்ம்' என்கிற ஒரே ஓர் இரைச்சலுக்குத்தான் பயம். ஒலிபெருக்கி வைத்துப் பிழைத்த சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டைப் பெட்டிக்குக் கொண்டுவரும் கம்பி உலோகச் சட்டை போட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டையின் முனையைப் பெட்டியின் தகரத்தோடு இறுக்கிக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் முனகலையெல்லாம் கம்பி வாரிக்கொண்டு வந்து கொட்டும். சண்டைக்கு முன்பு பினாங்கில் சட்டைக் கம்பி சுருள் சுருளாகக் கிடைத்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு மனிதனுக்கே சட்டை இல்லை. கம்பிக்கு எங்கே போவது?

கித்தார் எப்போது?

பினாங்கை அடுத்த லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ரேடியோவும் ஒலிபெருக்கியும் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தை நடத்த வந்த ஜப்பான் அதிகாரிக்குச் சங்கீதப் பித்து. சக்கரவர்த்தியின் பிறந்தநாளன்று திடலில் கித்தார் முழங்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். வாசிக்க, புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் மாணிக்கம். அதை ஊருக்கே கேட்க வைக்க, நான். நன்றாக அமைந்தால் தோட்டத்திலேயே இருக்கலாம், கெட்டுப்போனால் சயாமில் ரயில் பாதை போடப் போகும் அடுத்த லாரியில் ஏறவேண்டும் என்று தோட்டத்து அலுவலகக் குமாஸ்தாவான கிராணி வந்து சொன்னார். எங்களுக்காக அதிகாரியிடம் வாக்குக் கொடுத்தவர் அவர்தான் என்பதால் அந்த லாரியில் அவருக்கும் இடம் இருந்தது. அதுவரை சயாம் போனவர்கள் யாரும் திரும்பியிருக்கவில்லை.

கிராமபோனின் ஊசித்தலையைக் கித்தாரின் வயிற்றில் கட்டினோம். அழைப்புமணிக்குப் போடும் வெறும் கம்பியால் அதைப் பெட்டியோடு இணைத்து, ஆலை மின்சாரத்தில் போட்டுப் பார்த்தோம். மாணிக்கம் விரல் தேய வாசித்தான். கிராணி கண்ணை மூடி நெடுநேரம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சத்தம் நல்லா கனமா இருக்கு தம்பி. கித்தார் எப்ப ஆரம்பிக்கும்?"

மீதிப் பாதி

பெட்டிக்குள் முனியாண்டி புகுந்துவிட்டார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சுக் கிளம்பியது. கோயில் பூசாரி தானாகவே வந்து சேர்ந்தார். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்காமல், பெட்டியின் மேல் எலுமிச்சம்பழம் வைக்க இடம் பண்ணினார். அதற்காக, மின்சார வயரோடு ஒட்டிக் கிடந்த என் கம்பியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்.

இரைச்சல் சட்டென்று குறைந்தது. கம்பியைத் தள்ளி வைத்ததால்தான் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. பூசாரி விபூதியைத் தட்டிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "பாதி போயிருச்சில்ல தம்பி? மீதிப் பாதிக்கு ஒரு கோழி கேக்குது."

பிரேக்

கோழி என்ற சொல்லே மறந்துபோன காலம் அது. மரவள்ளிக்கிழங்கு கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். எனவே லூனாஸ் சைக்கிள் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போனேன். சைக்கிள் பிரேக்குக்கு வெளியே சுற்றிவரும் இரும்புச் சுருளுக்குள் என் கம்பியை நுழைத்தால் அதுவே சட்டையாகிவிடும் என்பது என் கணக்கு. அவர் உள்ளே போய், ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு சைக்கிளிலிருந்து உருவிக் கொடுத்தார். யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் மாணிக்கம் அசைந்தபோதெல்லாம் சுருள் கரகரவென்று பல்லைக் கடித்தது. அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது கிராணி வந்தார். தலையிலிருந்து கால்வரை ரப்பர் பால் வழிந்தது. மேட்டிலிருந்து இறங்கிய அவர் சைக்கிள் நேரே பால் தொட்டிக்குள் போய்த்தான் நின்றதாம். நான் எழுந்து கும்பிட்டேன். அவர் கையால் அமர்த்தினார்: "பிரேக்கு எங்கன்னு கேக்க வரல தம்பி. இரைச்சல் போச்சான்னு கேக்க வந்தேன்."

கூறைச்சேலை

எல்லாரும் கோணிச்சாக்கு உடுத்தித் திரிந்த நாட்களில், மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை ஒரு தகரப் பெட்டியில் தன் கூறைச்சேலையை மட்டும் ஒளித்து வைத்திருந்தாள். அசல் வெள்ளிச் சரிகை. எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. அவளாகவே கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். ஆளே சயாம் போய்விட்டால் சேலையைக் கட்டி யாருக்குக் காட்டப் போகிறேன் என்றாள்.

சரிகையைப் பிரித்து, ஜடை பின்னுவது மாதிரி கம்பியைச் சுற்றி நெருக்கமாக அவளே பின்னினாள். முனையை நான் தகரத்தில் கட்டினேன். இரைச்சல் கொசுச் சத்தமாகச் சுருங்கி, கித்தார் தேன் மாதிரி வந்தது. அஞ்சலை கம்பியையும், சாக்கைச் சுற்றிக்கொண்டு வாசித்த மாணிக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்: "எம் புருசனவிட இந்தக் கம்பி நல்லா உடுத்தியிருக்கு லா."

வணக்கம்

பிறந்தநாளும் வந்தது. திடல் முழுக்க ஜனம். ஆலை எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெட்டியைத் திருகினேன். வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்துக் குனியச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அதிகாரி குனிந்தார், எல்லாரும் குனிந்தோம். அப்போதுதான் பெட்டி கண் விழித்தது. 'ம்ம்ம்' என்று மெல்ல எழுந்து திடலையே நிறைத்தது. என் உயிர் அப்போதே லாரி ஏறிவிட்டது.

அதிகாரி நிமிரவில்லை. அதுவும் சடங்கில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார். அவர் நிமிராமல் மற்றவர்கள் நிமிர முடியுமா? இரைச்சல் ஓயாமல் அவரும் நிமிரமாட்டார். எனக்கு இடுப்பு ஒடிந்தது. குனிந்தபடியே காலை நீட்டி, கட்டைவிரலால் மின்சார வயரைக் கவ்வி இழுத்தேன். இரைச்சல் தேய்ந்து அடங்கியது.

நிமிர்ந்த அதிகாரியின் கண்ணில் நீர். அரைகுறை மலாயில், அந்தச் சத்தம் சக்கரவர்த்தியையே பக்கத்தில் கொண்டுவந்தது, இனி எல்லாக் கூட்டத்துக்கும் அது வேண்டும், கித்தார் தேவையில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது, மாணிக்கத்துக்குப் போனது. கித்தார் இல்லையென்றால் அவனுக்கு லாரிதானே. கிராணி சட்டென்று முன்னால் பாய்ந்து, 'துவான், துவான்' என்று கும்பிட்டு, மாணிக்கம் கித்தாரை மடியில் வைத்திருந்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்று ஒரே போடாகப் போட்டார். அதிகாரி யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அன்று முதல் மாணிக்கத்துக்குக் கித்தாரைத் தொடாமல் மடியில் வைத்திருக்கும் உத்தியோகம்.

பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தகரத்துக்கும் சரிகைக்கும் நடுவே மஞ்சள் காரை மாதிரி காய்ந்திருந்தது. புதுத் துணி உடுத்துமுன் முனையில் மஞ்சள் வைப்பது வழக்கமல்லவா? கம்பி சபைக்குப் போகிறதே என்று அஞ்சலை காலையில் முடிச்சை அவிழ்த்து, கெட்டியாக மஞ்சள் அப்பித் திரும்பக் கட்டியிருக்கிறாள். சரிகை தகரத்தைத் தொடவே இல்லை, இரைச்சல் திரும்பி வந்த வழி அதுதான். நான் திட்டவா கும்பிடவா என்று நிற்கும்போது அவள் கையை நீட்டினாள்: "கம்பிக்கு இனிமே சட்டை வேணாமில்ல? எஞ் சரிகைய அவுத்துக் குடுங்கண்ணே."

இரைச்சலை ஒழிக்கத் தொழில் படித்த நான், ஜப்பான்காரன் மூட்டை கட்டும்வரை அதைப் பொத்திப் பொத்தி வளர்த்துத்தான் உயிரோடு இருந்தேன்.