சங்கிலியைத் தாண்டி நடந்த முப்பத்தொரு பேர்

சுப்பம்மா காலை ஆறு மணிக்கெல்லாம் இறப்பர் மரத்தில் கத்தி வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். பிறகு பாலைச் சேர்த்து, வாளியோடு ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைக்கு, இறங்குவார். இரண்டு வருடமாக இந்த நடையோடு சேர்ந்து இன்னொரு வேலையும் நடக்கிறது. இடுப்பில் செருகிய போன், அவர் போகும் பாதையைப் புள்ளி புள்ளியாகப் பதிந்துகொண்டே வரும். இணையத்தில் யாரும் சேர்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரு பொது வரைபடம் இருக்கிறது. அதில் தெரணியகலைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் தெரியும் கோடுகளில் பாதிக்கு மேல் இந்த நாற்பத்தாறு வயதுப் பெண் நடந்து போட்டவை.

அதற்கு முன் அந்த இடத்தில் வெறும் பச்சை நிறம்தான். வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து வரைந்த சில பாதைகள் இருந்தன. அவற்றில் மூன்று, மழைத்தண்ணீர் ஓடும் கான்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்துக்குத் தொழிற்சாலை என்று பெயர் போட்டிருந்தார்கள்.

“தகரக் கூர பெருசா இருக்குல்ல, ஸ்டோருன்னு நெனச்சிட்டாங்க. மேல இருந்து பாத்தா அப்புடித்தான் தெரியும்,” என்பார் சுப்பம்மா.

பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கும் கிருசாந்தி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சனிக்கிழமை வந்து பெண்களுக்கு இந்த வேலையைக் காட்டிக் கொடுத்தார். “நீங்கள் நடக்கிற பாதைதானே. உங்களைவிட ஆருக்குத் தெரியும்?” என்றார். ஒருவர் போட்ட கோட்டை மற்றவர்கள் நடந்து பார்த்து, சரியென்றால் அடையாளம் போட வேண்டும். அது ஒன்றுதான் விதி. பன்னிரண்டு பேரில் தொடங்கியவர்கள் முப்பத்தொரு பேரானார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம், கோயில், குழாயடி, குறுக்குப் பாதை என்று ஒன்று விடாமல் ஏறியது.

இந்த வருடம் அந்த வரைபடத்துக்கு வீட்டிலேயே வேலை வந்தது. சுப்பம்மாவின் மகள் தக்‌ஷிகா பிள்ளைத்தாய்ச்சி, எட்டு மாதம் முடிந்திருந்தது. இரத்த அழுத்தம் கூடுதல். தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கீழ் ரோடு மே மாத மழையில் சரிந்துவிட்டது. இனி வண்டி வர மேல் ரோடு மட்டும்தான். அம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களோ வெளியூர்க்காரர்கள். போனில் உள்ள வரைபடம் காட்டும் வழியில்தான் வருவார்கள்.

மேல் ரோட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முப்பத்தொரு பேரும் சரியென்று அடையாளம் போட்ட ஒரே கோடு அதுதான். அப்படியிருந்தும், பிரசவத்துக்குக் குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்பு, தெரணியகலை ஓட்டோ நிறுத்தத்தில் இருக்கும் நஜீப்பை சுப்பம்மா கூப்பிட்டார். டவுனுக்குக் கீழே மட்டும் ஓடுகிறவர். இந்தத் தோட்டத்துக்குள் வந்ததே இல்லை. அதனால்தான் அவர்.

“போன பாத்துக்கிட்டே வரணும் தம்பி. வழியில ஒருத்தர்கிட்டயும் கேக்கக் கூடாது.”

“கேக்காம எப்படிக்கா? பொழுது போகாதே,” என்றார் நஜீப். ஆனால் வந்தார்.

முப்பத்தைந்தாவது நிமிடம் போன் அடித்தது.

“அக்கா, நான் வந்த. ஆனா வரேல்ல.”

“என்னா சொல்றீங்க?”

“ரோட்டுக்குக் குறுக்கால சங்கிலி ஈக்கி. ஆட்டுக்குட்டி கட்டுற சங்கிலி இல்ல, யானை கட்டுறது. இபி யத்துரு, பெரிய பூட்டு, போட்டு பூட்டியும் ஈக்கி. நீங்க இதப் பத்தி செல்லவே இல்லயே.”

சுப்பம்மா மேலே ஓடினார். இறப்பர்ப் பாலும் மரமும் களவு போவதைத் தடுக்கத் தோட்டம் போட்ட சங்கிலி. பதினான்கு வருடமாக அங்கேதான் தொங்குகிறது. இரண்டு தூணுக்கு நடுவில் முழங்கால் உயரம். தினமும் ஒரு காலைத் தூக்கித் தாண்டிப் போகிறார். களைத்தால் அதில் பையை மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருவதும் உண்டு. சாவி காவல்காரர் ஐயாவுவின் மடியில். அவர் அப்போது ஸ்டோரில். வந்து சேர இருபத்தைந்து நிமிடம் எடுத்தது.

“லொறி வந்தா ஆரன் அடிப்பான், வருவேன். இவருக்கு அது தெரியல,” என்றார் ஐயாவு.

“ஸ்டோருக்குக் கேக்க, லொறி ஆரனா எண்ட வண்டில ஈக்கி?” என்றார் நஜீப்.

சுப்பம்மாவுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. முப்பத்தொரு பேரும் பொய் சொல்லவில்லை, ரோட்டைப் பார்க்காமலும் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொரு பேரும் நடக்கிறவர்கள். ஒருத்தருக்கும் சொந்த வண்டி கிடையாது. தூரத்தில் உட்கார்ந்து வரைந்தவர்கள் கானைப் பாதை என்றார்கள். பக்கத்திலேயே இருக்கிறவர்கள் சங்கிலியை இல்லை என்றார்கள். நடக்கிறவர் இன்னும் நூறு பேர் சேர்ந்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

அன்றைக்கே விதி மாறியது. வண்டி ரோடு என்று போட வேண்டுமானால் நடந்த ஒருவரும் ஓட்டிய ஒருவரும் சொல்ல வேண்டும். நஜீப் சேர்ந்தார், கூடவே லொறி டிரைவரையும் ஸ்கூல் வேன்காரரையும் இழுத்து வந்தார். ஒரே வாரத்தில் பாரம் தாங்காத பாலம் ஒன்று, வேனின் கூரையில் உரசும் பலாக்கிளை ஒன்று என்று வரைபடத்தில் ஏறின. சங்கிலிக்கு நேரே சுப்பம்மா தானே எழுதினார்: பூட்டு உண்டு, சாவி காவல்காரரிடம், இந்த இலக்கத்துக்குப் போன் எடுக்கவும். அதையே சிங்களத்திலும் எழுதினார்.

“என் நம்பர ஒலகத்துக்கே குடுக்குறீங்களா? எவளாச்சும் எடுத்துப் பேசுனா வீட்டுல அடி வாங்குறது நானு,” என்றார் ஐயாவு.

“பேசுனா சாவிய மட்டும் குடுங்கண்ணே. வேற ஒண்ணும் குடுத்துராதீங்க.”

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு தக்‌ஷிகா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் மங்குகிறது என்றாள். சுப்பம்மா அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார். நான்காவது நிமிடம் ஐயாவுவின் போன் அடித்தது. சிங்களத்தில் ஒருவர், சங்கிலியைத் திறந்து வையுங்கள், வந்துகொண்டிருக்கிறோம் என்றார். வண்டி மேல் ரோட்டில் திரும்பியபோது சங்கிலி தரையில் கிடந்தது. தூணருகே ஐயாவு விறைப்பாக நின்றார். சாரதி கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு, யாரிடமும் வழி கேட்காமல் லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

போகும் வழியில் தாதி தக்‌ஷிகாவின் கையில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். நேரத்தோடு வந்துவிட்டோம், பயப்பட வேண்டாம் என்றார். சுப்பம்மா மகளின் காலருகே உட்கார்ந்திருந்தார். மேல் ரோட்டில் வண்டியில் போவது அவருக்கு அதுவே முதல் தடவை. கோயில் தாண்டி வரும் வளைவில் அம்புலன்ஸ் ஒரே வீச்சில் திரும்பவில்லை. பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்பினார்கள். சுப்பம்மா போனை எடுத்தார்.

தக்‌ஷிகா ஒரு கண்ணைத் திறந்தாள். “அம்மா, இப்பவுமா?”

“இப்பதாண்டி வண்டியில வாரேன்,” என்றார் சுப்பம்மா. ஒரு கையால் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் பெருவிரலால் அந்த வளைவைக் குறித்தார்.