பாதகம் என்ற சொல்லும் அத்தானின் தோக்கும்

தொண்ணூறுகளில் ஒரு தேர்தல் வந்தபோது, லைசென்ஸ் உள்ள தோக்குகளை எல்லாம் முடிவு வரும்வரை போலீஸ் ஸ்டேஷனில் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் பக்கத்தில் துப்பாக்கிக்குத் தோக்கு என்றுதான் பேர். கேரள எல்லை ஊரான கொல்லயிலில் எங்கள் வார்டில் தோக்கு வைத்திருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் என் அக்காவின் கணவர்.

அத்தானுடையது வாய் வழியே மருந்து இடித்து நிறைக்கிற பழைய நிறத்தோக்கு. கொல்லாமா என்கிற முந்திரி மரத்தில் வவ்வால் அடைந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, மரச்சீனிக் கிழங்கு விளையில் முள்ளம்பன்றி தோண்டினால் இன்னொரு வெடி. அவ்வளவுதான் அதன் வேலை. முந்தின தேர்தலுக்குக் கொடுத்தபோது, மழைக்காலம் முழுக்க ஸ்டேஷனின் ஈரச் சுவரில் சாய்ந்து கிடந்து, குழலெல்லாம் துருவோடு வந்தது. பதினாறு கொல்லாமாவில் அந்த வருஷம் வவ்வால் தின்றது போக மிஞ்சியது கொஞ்சம். மறுபடி கொடுக்க அவருக்கு மனமில்லை. அதில் நியாயம் இருந்தது. என் அருவருப்பு அவர் மேல் அல்ல.

அந்த நியாயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் எங்கள் ஊர்த் தலைவர். ரப்பர் ஷீட் வியாபாரி, இரட்டைக்குழல் தோக்குக்காரர். ஊர் நூலகமான வாயனசாலையில் பத்திரிகை மேசையை ஓரம் தள்ளிக் கூட்டம் போட்டார். தோக்குச் சட்டம் டெல்லிக்காரன் சட்டம், ஊரில் அமைதி காப்பது மாநிலத்தின் வேலை, நம்ம சர்க்கார் இதை எதிர்க்கப் போகிறது, முதல் தீர்மானம் நம் ஊரிலிருந்து போகட்டும் என்றார். பிறகு ஸ்டேஷனிலிருந்து வந்த மலையாள நோட்டீஸைப் பிடித்து வாசித்தார்.

"கேந்திர நியமம் நிறத்தோக்கினும் பாதகமாணு. கேட்டேரா? பாதகம்னு நம்ம சர்க்காரே எழுதிப்போட்டு. டெல்லி செய்யது பாதகமாக்கும்."

கேந்திர நியமம் என்றால் மத்திய சட்டம்; மலையாளத்தில் ஒரு சட்டம் பாதகம் என்றால், அது செல்லும், பொருந்தும் என்று அர்த்தம். அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். அவர்கள் சிரித்தார்கள். அத்தான் விளவங்கோட்டில் தமிழ் மட்டும் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவர். மலையாளம் பேசுவார், சர்க்கார் மலையாளம் எட்டாது. அவர் சிரிக்கவில்லை. தலையாட்டினார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான நான் எழுந்தேன். "நிறத்தோக்கையும் கொண்டு வைக்கணும்னாக்கும் அதில எழுதியிருக்கு."

"சாறு கணக்கு சாறுல்லா? மலையாளம் சாறு லீவு போட்டாரோ?" என்றார் தலைவர்.

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார். கைகள் முப்பத்தெட்டு. தூக்கிய ஆட்கள் முப்பத்தொன்று. ஏழு பேர் ஆவேசத்தில் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள். அந்தக் கைகளில் பெரும்பாலானவை தோக்கைத் தொட்டதுகூட இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தானிடம் மறுபடி சொன்னேன்.

"நீ பேடிக்காத மச்சினா. சர்க்காரு நம்ம பக்கம் உண்டு. தலைவரே இரட்டைக்குழலைக் கொடுக்கல்ல, நான் இந்தத் துருக்குழாயைக் கொடுத்துட்டு வவ்வாலுக்குக் காவல் இருக்கவா?"

"தலைவரு கொடுக்கலன்னு யாரு சொன்னா?"

"அவரு வாயாலயே சொன்னாருல்லா."

கெடு முடிந்த மறுநாள் ஜீப் வந்தது. விளையில் மரச்சீனிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த அத்தானை, கையில் மண்ணோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். தோக்கை முன் சீட்டில் வைத்தார்கள், ஆளைப் பின்னால்.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டின் மேசைக்குப் பின்னால் சுவரில் தோக்குகள் சாய்ந்திருந்தன. எங்கள் வார்டுத் தோக்குகள் எல்லாமே எனக்குத் தெரியும். அத்தானுடையதைத் தவிர்த்து மற்ற மூன்றும் அங்கே நின்றன. சிவப்பு வார் போட்ட இரட்டைக்குழல், பாலித்தீன் சுற்றி, சுவரில் படாமல் தனி ஸ்டூலில் சாத்தியிருந்தது.

"அது எப்போ வந்தது?" என்று கேட்டேன்.

ஏட்டு சிரித்தார். "மீட்டிங்குக்கு முந்தின நாளே வந்நு சாறே. எண்ணெய் எல்லாம் போட்டு, நம்ம சுவரில ஈரம் உண்டுன்னு ஸ்டூலும் அவரே கொண்டுவந்தாரு."

அந்த ஸ்டூலை இப்போது நினைத்தாலும் எச்சில் ஊறித் துப்பத் தோன்றுகிறது. பொய்யைக்கூட மறந்திருப்பேன். தன் தோக்குக்கு ஸ்டூல் சுமந்து வந்த கையால்தான் மறுநாள் அந்த நோட்டீஸைப் பிடித்து வாசித்தார்.

அத்தான் ஜாமீனில் வந்தார். லைசென்ஸ் போயிற்று, தோக்கு திரும்பவே இல்லை. எதிர்க்கப் போகிறது என்று தலைவர் சொன்ன சர்க்கார் எதையும் எதிர்க்கவில்லை. அந்த வருஷம் கொல்லாமாவின் அடியில் வவ்வால் சப்பிப் போட்ட பழங்கள் அழுகி நாறின.

ஓட்டுக் கேட்கத் தலைவர் அந்த வீட்டுக்கும் வந்தார். அக்கா மரியாதைக்குச் சாயா கொடுத்தாள். அவர் அத்தானின் தோளைத் தட்டினார்.

"போகட்டு அண்ணாச்சி, ஒரு பழைய குழாய்தானே. பாதகமில்ல."

அத்தான் தோளை விலக்கிக்கொண்டார். "ஓ. உமக்குப் பாதகமில்ல. எனக்குத்தான் பாதகம்."

தலைவருக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். முகம் ஒரு நொடி சுருங்கியது. ஆனாலும் மிச்சச் சாயாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனார்.