பனிக்கு முன்னால் அக்கா

போன போயா தினத்தன்று, பௌர்ணமி விடுமுறையில், கண்டி வாவிக்கரையில் அம்மாவை ஒரு மரத்தடியில் நிறுத்திவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கலஹாவிலிருந்து பஸ் ஏறி, பேராதனையில் மாறி, அதற்காகவே வந்திருந்தோம்.

எனக்குத் தேவைப்பட்டது வெள்ளை. கண்டியில் பனி பெய்யாதே... ஆனால் போயாவுக்குப் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் ஊரே வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து இறங்கும். இதைவிட நல்ல பனிமழை இலங்கையில் எங்கே கிடைக்கும்?

காரணம் அக்கா. கல்யாணம் முடித்து, கனடாவில் வின்னிபெக் என்ற நகரத்துக்குப் போயிருக்கிறாள். இதுதான் முதல் குளிர்காலம். ஆறே உறைந்து, அதன் மேல் ஆட்கள் நடந்து போகிற ஊர். நாங்கள் காலையில் எழும்பினால் வட்ஸ்அப்பில் படம் வந்திருக்கும். பனிமேட்டில் அக்கா. பனி மூடிய காருக்குப் பக்கத்தில் அக்கா. உறைந்த ஆற்றின் மேல் அக்கா. எல்லாவற்றிலும் அக்காவின் முகம் மட்டும் கரி அப்பியது மாதிரி.

அம்மா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். ஒரு பிள்ளை காலையில் சாப்பிட்டு வந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அக்கா விஷயத்திலும் சொல்லிவிட்டார் — முகம் இருண்டு போச்சு, பெரியவள் அங்கே சந்தோஷமாக இல்லை. போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்பாள் அக்கா. அம்மா படத்தைத்தான் நம்பினார். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

எனக்கோ ஒரே உற்சாகம். பனியை நான் பிரிட்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் குளிர்காலப் போட்டோகிராபி பற்றி யூடியூபில் நான் பார்க்காத வீடியோ இல்லை! விஷயம் சிம்பிள். கெமராவுக்கு அதிக வெள்ளை ஆகாது. கண் கூசியது போல மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். நடுவில் நிற்கிறவரின் முகம் பலி.

சொன்னால் அம்மா நம்பவில்லை. அதனால்தான் போயா.

வெள்ளைக் கூட்டம் பின்னால் வந்ததும் ஒன்று தட்டிக் காட்டினேன். அம்மா திடுக்கிட்டுப் போனார். "என்னடி இது, ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தவ மாதிரி இருக்கேன்?"

திரையில் அவர் முகத்தைத் தொட்டேன். பக்கத்தில் வந்த, வெளிச்சம் கூட்டும் சின்னச் சூரியனை மேலே இழுத்தேன். இன்னொன்று எடுத்தேன். அம்மா பார்த்தார், முந்தானையைச் சரிசெய்தார், "இன்னும் ஒன்னு எடு" என்றார். பேராதனையில் பஸ் மாறும்போது வடை வாங்கிச் சாப்பிட்டார். கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

அன்றைக்கே அக்காவுக்கு நீளமாக ஒரு வொய்ஸ் அனுப்பினேன். முகத்தைத் தொடு, சூரியனை ஏற்று, போனைக் கோட்டுக்கு உள்பையில் வை — குளிரில் பற்றரி செத்துவிடும். கண்டியிலிருந்து வின்னிபெக்குக்குப் பனி வகுப்பு! கொழுப்புத்தானே?

மறுநாள் காலையில் படம் வந்தது. அம்மா பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் திறந்தேன். பனி வெள்ளையாக, மஃப்ளர் சிவப்பாக, முகம் துல்லியமாக... எல்லாம் தெரிந்தது. வீங்கிய கண்கள். குளிரில் வெடித்த உதடு. அந்த உதட்டோடு நின்றுபோன சிரிப்பு.

நான் பதில் அனுப்புவதற்குள் அக்காவே அழைத்தாள்.

"அம்மாகிட்ட காட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"காட்டாத. பழையபடி கொஞ்சம் இருட்டாக்கிக் குடு. அதெல்லாம் உனக்குத்தான் தெரியுமே."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இவள் வந்து படுக்கும்போது அத்தான் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அத்தான் தங்கமானவர், குறை ஒன்றும் இல்லை. பேசத்தான் ஆள் இல்லை. பகலெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே இவள்.

பாருங்கள் என் கெட்டிக்காரத்தனத்தை. இனி எவ்வளவு இருட்டாகப் படம் வந்தாலும் அம்மா கெமராவைத்தான் திட்டுவார். அக்கா ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுத்ததே நான்தான்.

சூரியனைக் கீழே இழுக்க ஒரு விரல் போதும். விரலும் திரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, படம் வந்ததா என்று கேட்டார். எதையும் தொடாமல் போனை நீட்டினேன்.

பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இப்பதான்டி பெரியவ மாதிரி இருக்கா," என்றார். "போனைப் போட்டுக் குடு."

ஏன் அழுதாய் என்று கேட்கவில்லை. உதட்டுக்கு எண்ணெய் போட்டாயா, என்ன சமைத்தாய் — அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரு விசும்பல், அப்புறம் ஒரு சிரிப்பு. அம்மா அன்றைக்குப் பாடசாலைக்கு லேட்.

இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் குசினியில் சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அம்மா போஞ்சி நறுக்குகிறார். அக்கா வேலை முடிந்து வீடு வரும் காலை நேரம் அது. பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அம்மா பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டுவார், குக்கர் விசில் அடிக்கும், அக்கா கேட்டுக்கொண்டே படுப்பாள்.

நேற்று அத்தான் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு படம் அனுப்பினார். கை ஆடியிருக்கிறது. ஃபோகஸ் இல்லை. பாதித் தலையணை, கால்வாசி கன்னம், வாய் திறந்து தூங்கும் அக்கா. காதருகே போன், அதில் எங்கள் குசினிக் கூரை. அம்மா அதைத்தான் தன் போனில் வோல்பேப்பராக வைத்திருக்கிறார்.

படம் சரியான இருட்டு. நான் வாயே திறக்கவில்லை.