கழற்றி வைத்த எல் போர்ட்

போன வருடம், பதினெட்டு வயதான எங்கள் மகன் அவனுடைய வாப்பாவின் மீன் வேனில் ஓட்டப் பழகினான். எல் போர்ட் மாட்டியிருந்தால்தான் பழகுபவர் ஓட்டும்போது இன்சூரன்ஸ் செல்லும். ஆனால் அந்த போர்டைக் கண்டால் சோதனைச்சாவடியில் பையன்களை இறக்கி வெகுநேரம் விசாரிக்கிறார்கள். அதனால் கற்பிட்டி வீதியில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். சாவடிக்கு முன் போர்டைக் கழற்றிவிட்டு என் கணவர் ஓட்டுவார். தாண்டியதும் அதை மாட்டிவிட்டு மகன் ஓட்டுவான்.

அன்று நானும் பின்னால் இருந்தேன். சாவடியைத் தாண்டியதும் மகன் போர்டைக் கையில் எடுத்தான். "பொறகு மாட்டலாம் மகன், மீன் பழுதாப் போயிரும். வேன எடு" என்றார் கணவர்.

ஓட்டுபவன் பழகுகிறான் என்று தெரியாமல் பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்து நெருக்கியது. மகன் பதறி ஒதுக்க, வேன் தென்னையில் மோதியது. கணவர் அங்கேயே மௌத்தானார்.

கணவரை அடக்கம் செய்தபின் இன்சூரன்ஸ்காரர் விசாரிக்க வந்தபோது, "போர்ட் இருந்திச்சின்னு சொல்லு" என்றார்கள் சொந்தக்காரர்கள். மகன் கேட்கவில்லை.

"போர்ட் இருக்கல்ல சேர். வாப்பா மாட்டச் சொன்னாங்க. நான்தான் மாட்டல்ல" என்றான்.

நான் வாய் திறக்கவில்லை. இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை.

இப்போது அவனுக்கு லைசன் வந்துவிட்டது. ஆனாலும் போர்டைக் கழற்றாமல்தான் ஓட்டுகிறான். ஒவ்வொரு சாவடியிலும் அவனை இறக்கி விசாரிக்கிறார்கள். அவன் திரும்பி வரும்வரை வேனுக்குள் காத்திருக்கிறேன். கழற்று என்று மட்டும் நான் சொல்வதில்லை.