கருநாரைக்கு இரண்டாவது சாட்சி

எங்கள் ஏரியில் அரிதான பறவை எதையாவது பார்த்ததாக ஒருவர் சொன்னால், கூடவே இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி விழும். அந்த விதியைப் போட்டவன் நான்தான். மருந்துக்கடைக்காரன், டாக்டர் சீட்டு இல்லாமல் தலைவலி மாத்திரைகூடத் தரமாட்டான் என்று பெயரெடுத்தவன். ஞாயிற்றுக்கிழமை கூடுகிற ஏழெட்டுப் பேருக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் மண்டையில் ஏறியிருக்காது.

குழுவில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். வாரமெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று கிரீஸ் பூசுகிற மனிதர். விரலில் படிந்த கறை ஒட்டிவிடும் என்று தொலைநோக்கியைச் சட்டை நுனியால்தான் பிடிப்பார். அதிகம் பேசமாட்டார். கூழைக்கடா இறங்கினால் மட்டும், "வந்துட்டாரு பெரியவரு" என்பார்.

ஒரு ஞாயிறு மனைவியுடன் வந்தார். அந்த அக்கா தையல் கடை வைத்திருப்பவர். ஆஸ்பத்திரியில் கிடந்த தங்கையைப் பார்க்கக் கிளம்பியவரை, "அஞ்சே நிமிஷம்" என்று ஏரிக்குக் கூட்டி வந்துவிட்டார் மனிதர். அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமாகி, நோயாளிகளைப் பார்க்க விடும் நேரம் முடிந்துபோனது. இருவரும் மறுகரையிலிருந்து திரும்பி வந்தார்கள். அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு.

"கருநாரை சார். செவப்பு மூக்கு, செவப்புக் காலு, வயிறு மட்டும் வெள்ளை. மதகுகிட்ட நின்னுச்சு, பறந்துடுச்சு."

எங்கள் ஏரியில் அதுவரை யாரும் கருநாரையைப் பார்த்ததில்லை.

"நீங்களும் பாத்தீங்களாக்கா?" என்றேன்.

"நான் ஒண்ணத்தையும் பாக்கல." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் மனைவியை ஒரு கணம் பார்த்தார். சீட்டை மதகுச் சுவரில் வைத்து, அதில் ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்துக் கேள்விக்குறி போட்டேன். "நீர்க்காகத்துக்கு யாரோ லிப்ஸ்டிக் போட்டு விட்டிருக்காங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் பெயரே கருநாரை ஆகிவிட்டது.

அடுத்த இரண்டு வருஷமும் தினம் வேலைக்குப் போகுமுன் மதகடியில் போய் நின்றார். பறவை வரவில்லை. மூன்றாம் வருஷம் மாரடைப்பில் அவரே போய்விட்டார்.

போன வாரம் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில் அக்கா வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. ரத்த அழுத்தம் பார்க்கிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தக் கேள்விக்குறிய எடுத்துட முடியுமா?"

"இப்ப எதுக்குக்கா?"

"நான் பாத்தேன். மொதல்ல பாத்ததே நான்தான். அவரு வேற பக்கம் பாத்துட்டிருந்தாரு, நான்தான் தோளத் தட்டிக் காட்டினேன். தங்கச்சியப் பாக்க முடியாமப் போச்சேங்கற கோவத்துல இல்லன்னுட்டேன். வீட்டுக்குப் போனா சண்டை போடுவாருன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். சீட்டு அதே பக்கத்தில் குத்தியிருந்தது. அடித்திருந்த வரியை அன்றுதான் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்: 'முதலில் பார்த்தது என் மனைவி.'

பெண்டாட்டி எங்கள் முன்னால் பொய்க்காரி ஆகிவிடக் கூடாது என்று அடித்திருக்கிறார். அதற்காக நான் வைத்த பெயரையும் சுமந்திருக்கிறார். என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

சீட்டை அக்காவிடம் நீட்டினேன். அடித்திருந்தது ஒரே வரிதான், வெகுநேரம் படித்தார்.

"அடிச்சத மறுபடி எழுதிடட்டுமாக்கா?"

"வேணாம் தம்பி. அது எனக்காக அடிச்சது, அப்படியே இருக்கட்டும். கேள்விக்குறிய மட்டும் எடுங்க."

பிளேடால் சுரண்டினேன். பேனாவில் அழுத்திப் போட்டது. தாள் நைந்துபோன பிறகும் லேசாகத் தெரிகிறது.