மலையில் தெரிந்த வெள்ளைக் கோடு

நண்பரே, இதற்கு நீங்கள்தான் சாட்சி. நேற்றுப் பிற்பகல் தென்காசிக் கடைத்தெருவில் என்னோடு நடந்துவந்தீர்கள். தர்பூசணிக் குவியலின்மீது கடைக்காரர் நனைத்த சாக்கைப் போர்த்தியபோது, பாதி வாக்கியத்தில் நான் வாயடைத்து நின்றதைக் கண்டீர்கள். பாதி வாக்கியத்தில் நிற்பவனல்லன் நான். பேச்சுப் போட்டிகளில் நேரம் முடிந்ததென்று மணி அடித்த பிறகும் பேசி, அடித்தவரையே கைதட்ட வைத்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அதை நானே சொல்லிக்கொள்வதில் கூச்சமும் கிடையாது. அப்படிப்பட்டவனை நிறுத்தியது ஈரச் சாக்கின் வாடை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ஏ.சி. இல்லாத கோடையின் வாடை அது. வெகுகாலத்துக்கு முந்திய கதையென எண்ணிவிட வேண்டாம். நான் கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்தேன். எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. மின்சாரத்துக்குத்தான் பஞ்சம். ஒரு மணி நேரம் வரும், மறு மணி நேரம் போகும். வரும்போது சுழலும் மின்விசிறியும் மேல்தளத்தின் அனலை அள்ளி எங்கள் தலையில் கொட்டும்.

அந்த வீட்டுக்குத்தான் தலைப்பிரசவத்துக்காக அக்கா வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்தவள். மதுரையில் அவள் புகுந்த வீட்டில் படுக்கையறைக்கு ஏ.சி. உண்டு. "வெயில் காலமாச்சே, இங்கயே இருக்கட்டுமே" என்று அவள் மாமியார் நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா தலையசைக்கவில்லை. "எனக்கு எங்கம்மா பக்கத்துல இருக்கணும்" என்று ஒரே பிடியாக வந்துவிட்டாள்.

அவள் அம்மாவிடம் வரலாம். அம்மா அவளிடம் போக முடியாது. பெண் கொடுத்த வீட்டில் பெற்றவள் போய்த் தங்குவது எங்கள் குடும்பத்தில் கேவலம். வயலில் முதலாகப் போட்டதை மண்ணிடமே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ஆண்டுகளிலும் அப்பா விட்டுக்கொடுக்காத வீறாப்பு அது. ஆகவே அக்கா எங்கள் வீட்டில் தாக்குப்பிடித்தால் அம்மா பக்கத்தில் பிரசவம்; தவறினால் அம்மா இல்லாத பிரசவம். அந்தக் கோடையில் நாங்கள் வெயிலோடு நடத்திய வழக்கு இதுதான்.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. அக்காவின் பாதங்கள் வீங்கின. ரத்த அழுத்தம் ஏறுகிறது, குளிர்ச்சியான இடத்தில் படுக்க வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். குளிர்ச்சிக்கு எங்கே போவது? சன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தோம். அந்தி சாய்ந்ததும் மொட்டைமாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். கொதித்திருந்த தளம் அதை ஆவியாக்கி அறைக்குள் புழுக்கமாக இறக்கியது. அம்மா பனையோலை விசிறியைக் கை மாற்றிக் கை மாற்றி வீசினாள். அப்பா நுங்குக் குலையோடு வந்து, கதவருகே வைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல் வெளியேறுவார்.

என்னால் இயன்றது பேச்சு. மாவட்டப் போட்டிக்காக மனனம் செய்த உரையை அவள் முன்னால் நின்று முழங்கினேன். கவனம் திரும்புமே என்று. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஏலே, நீ பேசுத பேச்சுலதான் வெக்கை கூடுது. வாயை மூடிட்டு விசிறுல." என் மேடை வாழ்வில் அதற்கிணையான மறுப்புரையை இன்றுவரை சந்தித்ததில்லை.

பிறகு ஏ.டி.எம். ஞாபகம் வந்தது. பேருந்து நிலையத்தருகே கண்ணாடி அறைக்குள் ஒன்று இருந்தது, மின்சாரம் போனாலும் ஜெனரேட்டரில் எந்நேரமும் குளிரும். கல்லூரிப் பையன்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பணம் எடுக்காமல், அங்கே நின்று வியர்வை ஆற்றுவதுண்டு. அக்காவை அழைத்துப்போனேன். காவலர் அவள் வயிற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தம் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார். அக்கா தலையைச் சுவரில் சாய்த்தாள். அன்றைக்கு முதன்முறையாக அவள் நெற்றி சுருக்கம் விட்டது. வெளியே வரிசை நீண்டது. "என்ன அண்ணாச்சி, உள்ள பிரசவ வார்டு தொறந்துட்டியளோ?" என்று ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். வீடு வந்து சேரும்வரை முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். மறுநாள் கூப்பிட்டேன், வரவில்லை.

மிச்சமிருந்தது சாரல் மட்டும். மேற்கே மலையிலிருந்து அந்தத் தூவானம் இறங்கிவிட்டால் தென்காசிக்கு வேறு குளிர் தேவையில்லை. "சாரல் விழுத வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோட்டி" என்று அம்மா மகளைக் கெஞ்சினாள். எங்கள் ஊர்க்காரர்கள் குற்றால அருவியைப் பற்றி எவரிடமும் விசாரிப்பதில்லை. மாடியேறி மேற்கே பார்ப்பார்கள். மலைமுகத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் தண்ணீர் விழுகிறதென்று பொருள். அதில் எங்களுக்குப் பெரிய கர்வம்.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் மாடியேறினேன். மலையுச்சியில் ஒரு துண்டு மேகம். அதன் கீழே, பாறையில், பளிச்சென்று வெள்ளைக் கோடு. "விழுதும்மா! தண்ணி விழுது!" என்று படியிறங்கியபடியே கத்தினேன். ஆட்டோ வந்தது. ஓட்டுநரும் மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆமா, விழுதுல்லா" என்று உறுதி சொன்னார். அக்காவும் அம்மாவும் நானும் குற்றாலம் போனோம்.

அருவியில் தண்ணீர் இல்லை. நெடும்பாறை மேலிருந்து கீழ்வரை வறண்டு நின்றது. எந்தக் காலத்திலோ வழிந்த நீர் விட்டுச்சென்ற வெளுத்த தடத்தில் காலை வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. நான் கண்ட கோடு அதுதான். தோளில் துண்டோடு அங்கே மேலும் சில தென்காசிக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"நீங்களும் பாத்துட்டா வந்திய?"

"பாத்தோம்லா. எங்க வீட்டு மாடியில இருந்து அருவி மாதியே தெரிஞ்சுது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டுக் கலைந்தோம்.

அக்கா தடுப்புக் கம்பியைப் பிடித்தாள். சூடு தாங்காமல் கையை எடுத்தாள். கண் செருகியது. நானும் அம்மாவும் தாங்கி நிழலில் உட்கார வைத்தோம். குளிக்க ஆள் வராததால் படுத்திருந்த, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர் ஒருவர் ஓடிவந்து, தாம் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவள் பாதங்களில் ஊற்றினார். அருவிக்கரையில் அவளுக்குக் கிடைத்த தண்ணீர் அவ்வளவே. கண் திறந்தவள் மலையைப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே முடியாதும்மா. என்னய மதுரைக்கே அனுப்பிருங்க. ஆனா நீ இல்லாம எப்படிம்மா பெறுவேன்?" என்றாள். அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

மறுநாள் அத்தான் காரோடு வந்தார். நல்ல மனிதர், வண்டியைக் குளிரவைத்தே நிறுத்தியிருந்தார். அம்மா பிரசவ மருந்தைப் புட்டியில் போட்டு, எந்த நேரத்தில் எவ்வளவு என்று மகளுக்கு இருமுறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்லத் தொடங்கி, புட்டியின் மூடியை மறுபடி இறுக்கினாள். பின்னிருக்கையில் அக்காவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. "அத்தையும் வரட்டுமே, மாமா" என்றார் அத்தான். அப்பா தெருவைப் பார்த்தபடி, "அது நல்லாருக்காது மாப்ள" என்றார். குளிர் வெளியேறாமலிருக்கக் கண்ணாடியை ஏற்றினார்கள். உள்ளே அக்கா பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை.

இன்று எங்கள் தெருவில் எந்த மாடியிலும் மேற்கே பார்த்து நிற்கும் ஆளில்லை. அருவியின் நிலவரம் படத்தோடு செல்போனுக்கு வந்துவிடுகிறது. வெயில் ஏறினால் கதவுகள் அடைபடுகின்றன; ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒவ்வொருவர். மகளின் பிரசவத்துக்கென்று தாய்மார்கள் விமானமேறிக் கடல் கடந்து போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள், ஊர் சிரிப்பதில்லை. எதற்காக எங்கள் வீடு அப்படி வெந்ததோ, அந்தக் கேவலமே காணாமற்போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கே போயிருக்கலாமே என்பதுதான் ஆற்றாமை.

கார் போன மறுவாரம் சாரல் இறங்கியது. தெருவே துண்டை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு ஓடியது. அப்பா தலை நனைய வந்து, "ஏலே, இப்பம் நெசமாவே விழுதுடே" என்றார். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. உள்ளே குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. அதில் நிற்கவே எனக்குப் பொறுக்கவில்லை. மேடையில் ஒருநாளும் நடுங்காத குரல் நடுங்க, அப்பாவின் காதிலும் அண்டை வீடுகளிலும் விழும்படி உரக்கச் சொன்னேன்: "அம்மா, பையை எடு. சாயங்காலப் பஸ்ஸுல மதுரைக்குப் போறோம். அக்காவுக்கு வலி எடுக்கும்போது நீ அவ பக்கத்துல இருப்ப. ஊரு சிரிச்சா நான் நின்னு பதில் சொல்லுதேன்."